‘ஆறு முறை எம்.எல்.ஏ.’ என்றால் எத்தனை வருஷம்?

தேர்தல் நேரத்தில் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் போனால், பேனரில் வேட்பாளர் பெயருக்கு மேல் ஒரு வரி இருக்கும்: ‘ஐந்து முறை வென்றவர்’, ‘தொடர்ந்து ஆறாவது முறையாக’. படிப்பவர் மனசுக்குள் ஐந்தை ஐந்தால் பெருக்கி ‘இருபத்தைந்து வருஷ அனுபவம்’ என்று முடிவு கட்டிவிடுகிறார். புதுச்சேரியைப் பொறுத்தவரை அந்தப் பெருக்கல் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் நீண்ட அரசியல் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ‘எத்தனை முறை’ என்ற எண் மட்டும் போதாது. எந்தெந்த ஆண்டு, எந்தத் தொகுதி, எவ்வளவு வித்தியாசம், ஒவ்வொரு பதவிக்காலமும் எப்படி முடிந்தது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். முதல்முறை ஓட்டுப் போடப் போகிறவர்களையும், இதையெல்லாம் இதுவரை கவனிக்காதவர்களையும் மனதில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

முறை வேறு, வருஷம் வேறு

புதுச்சேரி சட்டமன்றம் இன்றைய வடிவத்தில் தொடங்கியது 1963 ஜூலை 1 அன்று, யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின் கீழ். அதற்கு முன் 1955, 1959 ஆண்டுகளில் நடந்தவை 39 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபைக்கான தேர்தல்கள். பழைய தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்பில் அவையும் ‘எம்.எல்.ஏ.’ கணக்கில் சேர்ந்திருக்கும், பார்த்து எண்ண வேண்டும். 30 இடங்களுக்கான பொதுத்தேர்தல்கள் 1964, 1969, 1974, 1977, 1980, 1985, 1990, 1991, 1996, 2001, 2006, 2011, 2016, 2021 என்று வருகின்றன. இடைவெளிகளைப் பாருங்கள். 5 வருஷம் என்பது சபை முதலில் கூடிய நாளிலிருந்து எண்ணப்படும் உச்சவரம்பு. அதற்கு முன்பே சபை கலையலாம்.

கலைந்தும் இருக்கிறது. 1974 மார்ச் 6 அன்று சு. இராமசாமி தலைமையில் பதவியேற்ற அ.தி.மு.க. அமைச்சரவை மார்ச் 28 அன்று முடிந்துவிட்டது. 22 நாள்தான். அதன்பின் 1977 ஜூலை வரை குடியரசுத் தலைவர் ஆட்சி. இராமசாமியே 1977 ஜூலையில் மீண்டும் முதல்வரானார். அந்த ஆட்சி 1978 நவம்பரில் முடிந்தது. 1980 ஜனவரியில் வந்த தி.மு.க.வின் எம்.டி.ஆர். இராமச்சந்திரன் அரசு 1983 ஜூனில் போனது. அதற்கடுத்த அரசு அமைந்தது 1985 மார்ச்சில். 1990 மார்ச்சில் வந்த ஆட்சிக்கு ஒரு வருஷ ஆயுள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 1974 முதல் 1991 வரை நடந்த எல்லாத் தேர்தலிலும் ஒருவர் வென்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வெற்றி. பெருக்கினால் 30 வருஷம் வரும். ஆனால் 1974 மார்ச்சிலிருந்து 1996 தேர்தல் வரை மொத்தமே 22 வருஷம். அதில் 3 வருஷம் 3 மாதம், 1 வருஷம் 2 மாதம், 1 வருஷம் 9 மாதம், 4 மாதம் என ஏறக்குறைய ஆறரை வருஷம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் கழிந்தது. மிச்சம் பதினைந்தரை வருஷத்துக்குச் சற்று மேல். அதே ஆறு வெற்றியை 1991 முதல் 2016 வரை பெற்றவர் ஏறக்குறைய 30 வருஷம் உட்கார்ந்திருப்பார். இருவர் பேனரிலும் ஒரே வரிதான்.

எனவே முதல் வேலை, வென்ற ஆண்டுகளைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தச் சபை எப்போது முடிந்தது என்று குறிப்பது. இதைச் செய்யாமல் இருவரின் அனுபவத்தை ஒப்பிடவே கூடாது.

எண்ணுவதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. பல முறை முதல்வரான என். ரங்கசாமியின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 1990இல் தட்டாஞ்சாவடியில் போட்டியிட்டுத் தோற்றார். 1991, 1996, 2001, 2006 என அதே தொகுதியில் நான்கு வெற்றி. 2011 பிப்ரவரியில் என்.ஆர். காங்கிரஸைத் தொடங்கி, கதிர்காமம், இந்திரா நகர் என இரண்டு இடத்தில் நின்று இரண்டிலும் வென்றார். இந்திரா நகரை விட்டுக்கொடுத்ததால் அங்கே அந்த அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. 2016இல் இந்திரா நகர். 2021இல் தட்டாஞ்சாவடியிலும் ஏனாமிலும் நின்றார். தட்டாஞ்சாவடியில் வெற்றி, ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் 655 ஓட்டில் தோல்வி. 2021 வரை சபை வாரியாக எண்ணினால் 7, வென்ற தொகுதி வாரியாக எண்ணினால் 8. இரண்டுமே சரி. எதை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டு எண்ண வேண்டும், அவ்வளவுதான். (ஒருவர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் இரண்டு தொகுதியில்தான் நிற்கலாம். இரண்டிலும் வென்றால் ஒன்றை விட்டே ஆக வேண்டும்.)

பெயர் அதேதான், ஊர் வேறு

‘ஒரே தொகுதியில் 30 வருஷம்’ என்ற பெருமையையும் சரிபார்க்க வேண்டும். தொகுதி என்பது ஒரு பெயரும் அதன் எல்லைக்கோடும் சேர்ந்தது. எல்லைகளைத் திருத்தி வரையும் மறுசீரமைப்பில் பெயர் நிலைத்து எல்லை மாறலாம், எல்லையோடு பெயரும் போய்விடலாம்.

2008இல் நடைமுறைக்கு வந்த மறுசீரமைப்புக்கு முன் புதுச்சேரிப் பகுதிக்கு 21, காரைக்காலுக்கு 6, மாஹேக்கு 2, ஏனாமுக்கு 1 தொகுதி. இப்போது 23, 5, 1, 1. மொத்தம் 30 மாறவில்லை. ஆனால் நகரத்துக்குள் இருந்த புஸ்ஸி, காசுக்கடை போன்ற பழைய தொகுதிப் பெயர்கள் மறைந்தன. கதிர்காமம், இந்திரா நகர், காமராஜ் நகர் என்று நகரம் வளர்ந்த பக்கம் புதிய தொகுதிகள் வந்தன. மேலே சொன்ன 2011 தொகுதி மாற்றத்தை இந்தப் பின்னணியோடுதான் படிக்க வேண்டும்.

தனித்தொகுதி அறிவிப்பு அதைவிடப் பெரிய திருப்பம். வெ. வைத்திலிங்கம் இரண்டு முறை முதல்வராக இருந்தவர், நெட்டப்பாக்கத்தின் நீண்டகால உறுப்பினர். மறுசீரமைப்பில் நெட்டப்பாக்கம் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியானது. 2011இலும் 2016இலும் அவர் வென்றது காமராஜ் நகரில். ஊர்ப்புறத்தில் பல தேர்தலாகக் கட்டிவைத்த அமைப்பை விட்டுவிட்டு நகரத்துத் தொகுதியில் போய் நின்று ஜெயிப்பது எளிதல்ல. பட்டியலில் அது வெறும் தொகுதிப் பெயர் மாற்றமாகத்தான் தெரியும்.

பக்கத்து கடலூர் மாவட்டத்திலும் இதுவே நடந்தது. நெல்லிக்குப்பம், மங்களூர் தொகுதிகள் போய், நெய்வேலியும் திட்டக்குடியும் வந்தன. நெல்லிக்குப்பத்தில் பழைய எம்.எல்.ஏ. யார் என்று தேடினால் 2006 தேர்தலோடு வரலாறு நின்றுவிடும். அந்த ஓட்டர்கள் எங்கும் போகவில்லை, வேறு தொகுதிப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் புதுமுகம்தான்

பல முறை வென்றவருக்கும் தேர்தல் நடத்தும் அதிகாரியின் மேசையில் தனிச் சலுகை எதுவும் கிடையாது. முதல்முறை நிற்பவர் நிரப்பும் அதே 2பி வேட்புமனுப் படிவம், சொத்து, வழக்கு விவரங்களுக்கான அதே 26ஆம் எண் பிரமாணப் பத்திரம். 25 வயது ஆகியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். டெபாசிட் ரூ.10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு ரூ.5,000. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். எல்லோரும் அந்தத் தொகுதி ஓட்டராக இருக்க வேண்டும். ஒரு தொகுதிக்கு நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும். நான்கு மனு கொடுப்பது ஆடம்பரத்துக்கு அல்ல. ஒன்றில் பிழை இருந்தாலும் இன்னொன்று நிற்கட்டும் என்ற பாதுகாப்புக்குத்தான்.

எங்கே தவறுகிறார்கள்? முன்மொழிபவரின் பாக எண்ணும் வரிசை எண்ணும் பட்டியலோடு ஒத்துப்போகாதது முதல் பிழை. பட்டியல் திருத்தத்துக்குப் பின் எண் மாறியிருக்கும், பழைய நகலைப் பார்த்து எழுதியிருப்பார்கள். சுயேச்சையின் பத்துப் பேரில் ஒருவர் பக்கத்துத் தொகுதிக்காரராக இருந்தால்கூட மனு விழுந்துவிடும். வேறு தொகுதியில் ஓட்டு வைத்திருக்கும் வேட்பாளர் தன் பெயர் உள்ள பட்டியலின் சான்றளித்த நகலைக் கொண்டுவர மறப்பது அடுத்தது. தொகுதி மாறி நிற்கும் மூத்த உறுப்பினர்கள் இதைத்தான் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. சொத்து இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்து, அதிகாரி சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. அரசுக் குடியிருப்பில் இருந்தவர்கள், அதாவது முன்னாள் அமைச்சர்களும் சபாநாயகர்களும், வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்றும் இணைக்க வேண்டும். புதுமுகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை!

‘இவர்தான் எங்கள் வேட்பாளர்’ என்று கட்சி உறுதிசெய்யும் ஏ, பி படிவங்கள் மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள், மையால் போட்ட கையெழுத்தோடு வந்து சேர வேண்டும். ஜெராக்ஸ் கையெழுத்து செல்லாது. 3.10க்கு வந்தாலும் சின்னம் கிடைக்காது. கட்சி வேட்பாளர் என்ற முறையில் ஒரே ஒரு முன்மொழிபவரோடு கொடுத்த மனுவும் தள்ளுபடியாகும். அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொன்று உறுதிமொழி. மனுக் கொடுத்த பின், பரிசீலனைக்குக் குறித்த நாளுக்கு முன்பே அதிகாரி முன் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். பரிசீலனை நாளன்று காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மனு போய்விடும்.

வென்ற பிறகும் கணக்கு வழக்கு முடிவதில்லை. மனுத்தாக்கல் நாள் முதல் முடிவு அறிவித்த நாள் வரையிலான செலவுக் கணக்கை, முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை ஆணையம் 3 வருஷம் வரை தகுதிநீக்கம் செய்யலாம். தோற்றவர்கள் ‘இனி எதற்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் போகும்போதுதான் தெரிகிறது. முதல் தோல்வியோடு ஒரு அரசியல் வாழ்க்கை முடிந்துபோக இதுவும் ஒரு காரணமாகிவிடக்கூடாது. 1990இல் தோற்ற ரங்கசாமி 1991இல் வென்று பத்து வருஷத்தில் முதல்வரானதும் இதே ஊரில்தான்.

ஓட்டு வித்தியாசத்தைப் படிப்பது

இதுதான் கட்டுரையின் மையம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2021இல் புதுச்சேரி முழுவதற்கும் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள். 30 தொகுதிக்குப் பகிர்ந்தால் சராசரி 33,000. தமிழ்நாட்டில் அதே தேர்தலில் ஒரு தொகுதிக்குச் சராசரி 2,70,000 அளவில். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் பக்கம் போனால் தொகுதி எட்டு மடங்கு பெரிசாகிவிடுகிறது. ஆகவே கடலூரில் ‘5,000 ஓட்டில் ஜெயித்தார்’ என்பதும் அரியாங்குப்பத்தில் ‘5,000 ஓட்டில் ஜெயித்தார்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது மயிரிழை, பின்னது பெருவெற்றி. வித்தியாசத்தை எப்போதும் பதிவான ஓட்டின் சதவீதமாக மாற்றிப் படியுங்கள்.

கற்பனையாக ஒரு தொகுதி. 30,000 ஓட்டர்கள், 80 சதவீதப் பதிவு, நோட்டா நீங்கலாகச் செல்லத்தக்க ஓட்டு 24,000 என்று வைத்துக்கொள்வோம். முதலிடம் பெற்றவருக்கு 9,600. அடுத்தவருக்கு 8,400. மூன்றாமவருக்கு 5,000. மற்றவர்களுக்கு 1,000. வித்தியாசம் 1,200, அதாவது 5 சதவீதம். பேப்பரில் ‘1,200 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி’ என்று வரும். ஆனால் வென்றவரிடமிருந்து 601 பேர் அடுத்தவர் பக்கம் சாய்ந்தால் முடிவு தலைகீழாகிவிடும்: 8,999க்கு 9,001. எந்த வித்தியாசத்தையும் பாதியாக்கி ஒன்றைக் கூட்டினால்தான் மெய்யான பாதுகாப்பு எவ்வளவு என்று தெரியும். 601 பேர் என்பது ஒரு பூத்தின் பட்டியலில்கூட அடங்கிவிடும்.

அதே கணக்கில் மூன்றாமவரைப் பாருங்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்கச் செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். 24,000இல் ஆறில் ஒன்று 4,000. அவருக்கு டெபாசிட் பிழைத்தது. நோட்டா இந்தக் கணக்கில் சேராது. வென்றவருக்குக் கிடைத்தது 40 சதவீதம்தான் என்பதையும் கவனியுங்கள். 60 சதவீதம் பேர் அவருக்குப் போடவில்லை. அடுத்த தேர்தலில் இரண்டாமவரும் மூன்றாமவரும் கூட்டணி சேர்ந்தால் அவருடைய ‘கோட்டை’ என்ன ஆகும்? தன் ஓட்டு ஒன்றுகூடக் குறையாமலே தோற்கலாம். எதிரணி பிரிந்ததால் பெற்ற வெற்றியா, பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிய வெற்றியா என்று பிரித்துப் பார்க்காமல் யாரையும் ‘அசைக்க முடியாதவர்’ என்று சொல்லிவிட முடியாது.

பெரிய தொகுதியிலும் மயிரிழை உண்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலில் 2016இல் வென்ற அ.தி.மு.க. வேட்பாளர் பெற்றது 48,450. தொல். திருமாவளவன் பெற்றது 48,363. வித்தியாசம் 87. அன்று 44 பேர் மனம் மாறியிருந்தால் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு ‘முறை’ கூடி, இன்னொருவருடையதில் ஒன்று குறைந்திருக்கும்.

இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் பூத் ஏஜென்டின் காலை நேர வேலை எவ்வளவு முக்கியம் என்பது புரியும். ஓட்டுப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு, நோட்டா உட்பட எல்லாப் பட்டனும் அழுத்திப் பார்க்கப்படும். பிறகு ‘குளோஸ்’, ‘ரிசல்ட்’, ‘கிளியர்’ என்று மூன்று பட்டனையும் அந்த வரிசையில் அழுத்தி, விவிபாட் (போட்ட ஓட்டைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் கருவி) பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்து உறையில் போட்டு மூடவேண்டும். தவறு நடப்பது ‘கிளியர்’ செய்யும் இடத்தில்தான். அவசரத்தில் விட்டுவிட்டால் அந்த 50 ஓட்டும் உண்மை ஓட்டோடு சேர்ந்துகொள்ளும். மாலையில் 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள் எண்ணிக்கையும் கருவி காட்டும் மொத்தமும் ஒத்துவராது. அப்படிப்பட்ட பூத்தின் கருவியை எண்ணாமல் தனியே ஒதுக்கிவைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அந்த பூத்களின் மொத்த ஓட்டைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் மட்டும் விவிபாட் சீட்டுகளை எண்ணுவார்கள். ஏஜென்ட் பூத்தை விட்டுக் கிளம்பும்போது, பதிவான ஓட்டின் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தின் நகலைக் கையோடு வாங்கிவர வேண்டும். எண்ணிக்கை நாளில் மேசைக்கு வரும் கருவியின் எண்ணும் மொத்த ஓட்டும் சரியா என்று பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.

எண்ணிக்கை நாளில் முதலில் தபால் ஓட்டு எடுப்பார்கள். 30,000 ஓட்டருள்ள தொகுதியில் முப்பது சொச்சம் பூத் இருக்கும். 14 மேசை போட்டால் மூன்று ரவுண்டில் முடிந்துவிடும். எல்லையைத் தாண்டினால் இருபது ரவுண்டுக்கு மேல் போகும். எனவே இங்கே ‘முதல் ரவுண்டில் முன்னிலை’ என்றால் மூன்றில் ஒரு பங்கு தெரிந்துவிட்டது என்று பொருள். அங்கே அது இருபதில் ஒன்று. சமமான ஓட்டு விழுந்தால் குலுக்கல். முடிவை எதிர்த்து வழக்குப் போட 45 நாள் கெடு, புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

சிறிய தொகுதி ஆளை வளர்க்கிறது

2021இல் புதுச்சேரியில் 30 இடத்தில் 6 பேர் சுயேச்சையாக வென்றார்கள். அதே தேர்தலில் தமிழ்நாட்டின் 234 இடத்தில் ஒரு சுயேச்சையும் வெல்லவில்லை. ஏனாமில் மல்லாடி கிருஷ்ணாராவ் 1996இல் சுயேச்சையாக வென்று, பிறகு காங்கிரஸுக்கு வந்து, 2016 வரை ஐந்து முறை வென்றார். கட்சியைவிட ஆளைப் பார்த்து ஓட்டுப் போடும் பழக்கம் இங்கே எப்படி வந்தது?

தொகுதி சிறியது என்பது ஒரு காரணம். பத்தாயிரம் சொச்சம் வீட்டுக்கு ஒரு எம்.எல்.ஏ. என்றால், கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவரே வந்து நிற்க முடியும். வராவிட்டால் கேள்வி வரும். இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. அதுதான் முக்கியமானது என்பது நம் கருத்து. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின் அடுத்த பத்து வருஷத்துக்கு மேலாகியும் நடக்கவில்லை. வார்டு கவுன்சிலரும் கொம்யூன் பஞ்சாயத்துத் தலைவரும் இல்லாத ஊரில் வாய்க்கால் அடைப்பு, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாமே எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குத்தான் வரும். மஞ்சள் ரேஷன் அட்டையை வறியவர்களுக்கான சிவப்பு அட்டையாக மாற்ற, முதியோர் உதவித்தொகைக்கு, ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு சிபாரிசுக் கடிதத்துக்கு என்று காலையிலேயே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேலையைப் பதினைந்து வருஷம் செய்தவரை ஓட்டர் விடுவதில்லை. நல்லதுதான். ஆனால் சட்டம் இயற்றுவதும் பட்ஜெட்டைக் கேள்வி கேட்பதுமான அவருடைய முதல் வேலையைக் கவுன்சிலர் வேலை தின்றுவிடுகிறது. உள்ளாட்சி உறுப்பினர்கள் இருந்தால்தான் எம்.எல்.ஏ. எம்.எல்.ஏ.வாக இருக்க முடியும்.

ஆகவே நீண்டகால உறுப்பினரை எடைபோடத் தொகுதி வேலையோடு சபைக்குள் செய்ததையும் பாருங்கள். நட்சத்திரக் கேள்விகள் (அமைச்சர் சபையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை) எத்தனை கேட்டார், பொதுக் கணக்குக் குழு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழுவில் இருந்தாரா, அமைச்சர் சபையில் தந்த வாக்குறுதியைத் திரும்பக் கேட்டாரா என்பன சபை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும்.

பதவிக்காலம் நடுவில் முறிவது

ராஜினாமா முதல் வழி. கடிதத்தைச் சபாநாயகரிடம் தர வேண்டும், அது சுய விருப்பத்தில் தந்ததுதானா என்று அவர் பார்க்க வேண்டும். இடம் காலியானால் 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல். சபைக்கு ஒரு வருஷத்துக்கும் குறைவாகவே ஆயுள் மிச்சம் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. வைத்திலிங்கம் 2019இல் மக்களவைக்குப் போனதால் காமராஜ் நகருக்கு அந்த அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. 2016இல் நாராயணசாமி உறுப்பினராக இல்லாமலே முதல்வரானார். 6 மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்பதால் நெல்லித்தோப்பு உறுப்பினர் விலகி வழிவிட்டார், அந்த நவம்பரில் நாராயணசாமி அங்கே வென்றார். 2001இல் ப. சண்முகம் அதே 6 மாதக் கெடுவுக்குள் உறுப்பினராக முடியாமல் முதல்வர் பதவியை விட்டார். அப்படித்தான் அந்த அக்டோபரில் ரங்கசாமி முதல்முறை முதல்வரானார்.

கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்ற ஓட்டையை 2003 திருத்தம் அடைத்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியோடு இணைந்தால்தான் பாதுகாப்பு. 2020 ஜூலையில் பாகூர் உறுப்பினரைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். குற்ற வழக்கில் இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால், 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அந்த நொடியே பதவி போகும். விடுதலையான பின்னும் 6 வருஷம் நிற்க முடியாது.

நியமன உறுப்பினர் மூவரைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசு நேரடியாக நியமிக்கலாம், அவர்கள் பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் ஓட்டுப் போடலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2021 பிப்ரவரியில் அந்தக் கணக்கு எப்படி வேலை செய்தது பாருங்கள். 33 பேர் சபையில் 7 இடம் காலி. மிச்சம் 26. ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12, எதிர்த்தரப்பில் நியமன உறுப்பினர் மூவரையும் சேர்த்து 14. பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி அரசு போனது. நியமனத்தில் வந்தவரும் எம்.எல்.ஏ.தான். ஆனால் அந்த ஆண்டுகளை ‘வென்ற முறை’யில் எண்ணக்கூடாது.

உங்கள் தொகுதிக்குச் செய்து பார்க்க

ஒரு முழு வெள்ளைத்தாள் எடுத்து, வரிக்கு ஒரு தேர்தலாக எழுதுங்கள். ஆண்டு, தொகுதி, கட்சி, பெற்ற ஓட்டு, பதிவான ஓட்டில் அதன் சதவீதம், இரண்டாமவரின் ஓட்டு, பதவி எப்படி முடிந்தது. தோற்ற தேர்தலையும் விடாமல் எழுதுங்கள். பேனரில் வராதது அதுதான். எண்களுக்குத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கை போதும். சொத்து, வழக்கு, படிப்பு விவரங்கள் 26ஆம் எண் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு தேர்தலின் பத்திரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து வருஷத்தில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று தெரியும்.

பூத் வாரியாகப் பார்க்க விரும்பினால் தலைமைத் தேர்தல் அதிகாரி வெளியிடும் 20ஆம் எண் படிவம் வேண்டும். நீளமான அட்டவணை அது. இடப்பக்கம் பூத் எண்கள், மேலே வேட்பாளர் பெயர்கள், கடைசியில் நோட்டாவும் மொத்தமும். தபால் ஓட்டு தனி வரியாகக் கீழே இருக்கும், கூட்டும்போது அதை விட்டுவிட்டால் முடிவோடு ஒத்துவராது. இரண்டு தேர்தலை ஒப்பிடும்போது பூத் எண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பட்டியல் திருத்தத்திலும் பூத்கள் பிரிந்தும் சேர்ந்தும் எண் மாறிவிடும். போன தேர்தலில் 12ஆம் பூத்தாக இருந்த பள்ளிக்கூடத்து வடக்குக் கட்டடம் இந்தமுறை 14 ஆகியிருக்கலாம். பூத் பட்டியலை எடுத்து, பள்ளியின் பெயரையும் அதில் சேர்ந்த தெருக்களையும் வைத்துப் பொருத்திக்கொண்ட பிறகு எண்களைக் கூட்டுங்கள்.